லினக்ஸ் அடைவு அமைப்பின் வரலாறும் தமிழ்க் கோப்புகளின் இருப்பிடமும்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் கோப்புகள் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை. இயங்கும் நிரல் ஓர் அடைவில் இருக்கும், நிரலகங்கள் வேறோர் அடைவில் இருக்கும், அமைவுக் கோப்பு மூன்றாவதில் இருக்கும், உதவிப் பக்கங்களும் எழுத்துருக்களும் மொழிபெயர்ப்புகளும் நான்காவதில் இருக்கும். வின்டோசில் பழகிய மாணவருக்கு இது முதலில் குழப்பமாகத் தோன்றும். ‘நான் நிறுவிய மென்பொருள் எங்கே போயிற்று?’ என்பது கணினி ஆய்வகத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இந்தப் பிரிப்புக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி திட்டமிட்டு அமைந்தது, இன்னொரு பகுதி வட்டில் இடம் போதாமல் போனதால் நேர்ந்தது.

இக்கட்டுரையில் அடைவுகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. முதலில் வரும் சாய்கோடு எல்லா அடைவுகளுக்கும் தாயான வேர் அடைவைக் குறிக்கும்.

யுனிக்ஸ் காலத்துத் தொடக்கம்

லினக்சின் அடைவு முறை யுனிக்சிலிருந்து வந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சிறு கணினியில் யுனிக்சை உருவாக்கத் தொடங்கினர். பிறகு அது பிடிபி-11 கணினிக்கு மாறியது. அக்காலத்து வட்டுகளின் கொள்ளளவு இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே போதாது. எனவே ஒரு வட்டில் இயங்குதளமும் இன்னொரு வட்டில் பயனர்களின் கோப்புகளும் வைக்கப்பட்டன. பயனர்களுக்கான அந்த இரண்டாம் வட்டு /யூஎஸ்ஆர் என்ற பெயரில் இணைக்கப்பட்டது. பயனர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் கிடைப்பதே யு, எஸ், ஆர் என்ற மூன்றெழுத்துப் பெயர். ‘யுனிக்ஸ் முறைமை வளங்கள்’ என்பது போன்ற விரிவாக்கங்கள் பிற்காலத்தில் பொருத்தப்பட்டவை.

இயங்குதளம் வளர்ந்தபோது முதல் வட்டில் இடம் போதவில்லை. புதிய கட்டளைகள் இரண்டாம் வட்டுக்குக் குடியேறின. /பின் என்ற அடைவுக்கு இணையாக /யூஎஸ்ஆர்/பின் தோன்றியது. /லிப் அடைவுக்கு இணையாக /யூஎஸ்ஆர்/லிப் வந்தது. இரண்டாம் வட்டை இணைப்பதற்கே ஒரு கட்டளை தேவை என்பதால் அத்தகைய அடிப்படைக் கட்டளைகள் மட்டும் முதல் வட்டில் இருந்தாக வேண்டும். கணினி எழுந்து நிற்கத் தேவையானவை /பின் அடைவிலும் மற்றவை /யூஎஸ்ஆர்/பின் அடைவிலும் இருக்க வேண்டும் என்ற விதி இப்படித்தான் பிறந்தது. பயனர்களின் சொந்தக் கோப்புகள் பின்னர் /ஹோம் போன்ற வேறு அடைவுகளுக்கு மாறின. ஆனாலும் /யூஎஸ்ஆர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பயனர் பெயரைத் தாங்கிய அடைவில் இன்று பயனரின் கோப்பு ஒன்றுகூட இருப்பதில்லை.

/ஈடிசி என்ற அடைவின் கதையும் இப்படிப்பட்டதே. வேறெங்கும் பொருந்தாத ‘இத்தியாதி’ப் பொருள்களைப் போட்டுவைக்கும் இடமாக அது தொடங்கியது. பழைய யுனிக்சில் கணினியைத் தொடக்கும் நிரல்கள்கூட அங்கிருந்தன. இன்றோ அமைவுக் கோப்புகளுக்கு மட்டுமே உரிய இடமாக அது ஆகிவிட்டது.

1980-களின் பிற்பாதியில் வேறொரு தேவை எழுந்தது. பல்கலைக்கழகங்களில் சொந்த வட்டு இல்லாத பணிநிலையங்கள் பெருகின. ஒரே வழங்கிக் கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே பத்து இருபது கணினிகள் மென்பொருளைப் பெற்றன. அப்படிப் பகிரப்படும் பகுதியில் யாரும் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். ஆனால் அச்சுக்கு அனுப்பிய கோப்பு, மின்னஞ்சல், பதிவேடு போன்றவற்றை ஒவ்வொரு கணினியும் எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே மாறிக்கொண்டே இருப்பவை /யூஎஸ்ஆர் அடைவிலிருந்து பிரிக்கப்பட்டு /வார் என்ற புதிய அடைவுக்குச் சென்றன. எந்தச் செயலி கொண்ட கணினிக்கும் பொதுவான கோப்புகளுக்காக /யூஎஸ்ஆர்/ஷேர் உருவானது. சன் நிறுவனத்தின் இயங்குதளமும் பெர்க்லி யுனிக்சும் இம்மாற்றங்களுக்கு வழிகாட்டின. தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இந்த ‘ஷேர்’ என்ற அடைவே முதன்மையானது. அதைப் பின்னர் காண்போம்.

தரநிலை தேவைப்பட்டது ஏன்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கருவகம் மட்டுமே. அதனுடன் குனூ கருவிகளையும் பிற மென்பொருள்களையும் சேர்த்து முழு இயங்குதளமாகத் தருபவை வழங்கல்கள் எனப்படுகின்றன. 1993-இல் ஸ்லாக்வேர் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். ரெட் ஹேட், சூசே ஆகியவையும் அக்காலத்தவையே. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த இடத்தில் கோப்புகளை வைத்தது. ஒரு வழங்கலில் எழுதிய நிரல் இன்னொன்றில் தன் அமைவுக் கோப்பைக் காணாமல் நின்றுபோனது.

இதைச் சரிசெய்ய 1993 ஆகஸ்டில் தன்னார்வலர்கள் கூடி விவாதிக்கத் தொடங்கினர். 1994 பிப்ரவரி 14 அன்று ‘கோப்பு முறைமைத் தரநிலை’யின் முதல் பதிப்பு வெளிவந்தது. டேனியல் குவின்லன் அதன் பதிப்பாசிரியராக விளங்கினார். 1995-இல் பெர்க்லி யுனிக்ஸ் வழிவந்த குழுவினரும் இம்முயற்சியில் ஆர்வம் காட்ட, லினக்சுக்கு மட்டும் என்ற எல்லை விரிந்தது. பெயரும் ‘கோப்பு முறைமைப் படிநிலைத் தரநிலை’ என மாறியது. புதிய பெயரில் 2.0 பதிப்பு 1997 அக்டோபரில் வந்தது. 2004 ஜனவரியில் வந்த 2.3 பதிப்புதான் நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்தது. லினக்ஸ் அறக்கட்டளை 2015 ஜூன் 3 அன்று 3.0 பதிப்பை வெளியிட்டது.

இத்தரநிலையின் அடிப்படை இரண்டே கேள்விகள்தாம். இந்தக் கோப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளலாமா, கூடாதா? நிர்வாகி கை வைக்காமல் இந்தக் கோப்பு தானாக மாறுமா, மாறாதா? பகிரலாம், மாறாது என்றால் /யூஎஸ்ஆர். பகிரக்கூடாது, மாறாது என்றால் /ஈடிசி. மாறும் என்றால் /வார். ஒரு மாணவர் அடைவுகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இவ்விரு கேள்விகளைப் பிடித்துக்கொள்வது எளிது என்பது என் கருத்து.

நிறுவுபவர் யார் என்பதும் இடத்தைத் தீர்மானிக்கிறது. வழங்கலின் பொதி மேலாளர் நிறுவுபவை /யூஎஸ்ஆர் அடைவுக்குள் செல்லும். கணினியின் நிர்வாகி மூல நிரலிலிருந்து தாமே தொகுத்து நிறுவுபவை /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் செல்ல வேண்டும். பொதி மேலாளர் அங்கே எட்டிப் பார்க்காது. வெளி நிறுவனங்கள் மொத்தமாகக் கட்டித் தரும் மென்பொருள்களுக்கு /ஆப்ட் என்ற தனி அடைவு உண்டு. கூகுள் குரோம் உலாவியை நிறுவினால் அது /ஆப்ட்/கூகுள்/குரோம் என்ற இடத்தில் அமர்வதைக் காணலாம்.

தரநிலை இருந்தும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. டெபியன் குடும்பம் ‘டெப்’ வகைப் பொதிகளையும், ரெட் ஹேட், சூசே ஆகியவை ‘ஆர்பிஎம்’ வகைப் பொதிகளையும் பயன்படுத்துகின்றன. எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்ற கணக்கேட்டை டெபியன் /வார்/லிப்/டிபிகேஜி அடைவில் வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் எழும் ‘எங்கே போயிற்று?’ என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கேட்டில்தான் இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் டிபிகேஜி கட்டளையுடன் பெரிய ‘எல்’ விருப்பக்குறியையும் பொதியின் பெயரையும் கொடுத்தால், அப்பொதியின் கோப்புகள் அனைத்தும் முழு முகவரியுடன் வரிசையாகக் கிடைக்கும். சூசேயிலும் ஃபெடோராவிலும் ஆர்பிஎம் கட்டளையுடன் ‘கியூ’, ‘எல்’ என்ற இரு சிறிய எழுத்துகளைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் இவ்விரு குடும்பங்களையும் கண்டவை. 2006, 2007 ஆண்டுகளை ஒட்டி எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், சூசே லினக்சுக்கு மாறியது. அரசுத் துறையினருக்கும் அதில் பயிற்சி அளித்தது. அது ஆர்பிஎம் குடும்பம்.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு முயற்சி நடந்தது. மேம்பட்ட கணிப்பியல் வளர்ச்சி மையமான சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து 2005-இல் தேசியக் கட்டற்ற, திறமூல மென்பொருள் வள மையத்தைத் தொடங்கின. அதன் விளைவாக 2007 ஜனவரியில் ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’, சுருக்கமாக ‘பாஸ்’, வெளிவந்தது. சி-டாக்கின் சென்னை அலுவலகம் தரமணி டைடல் பூங்காவில் இயங்கியது. படூர் வழியாகக் கேளம்பாக்கம் நோக்கிச் செல்லும் அதே பழைய மாமல்லபுரம் சாலைதான். சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்கு நாள்தோறும் பேருந்தில் செல்லும் இளைஞர்களில் எத்தனை பேர், இந்திய மொழிகளுக்கான ஒரு லினக்ஸ் வழங்கல் தாங்கள் போகும் சாலையிலேயே பிறந்தது என்பதை அறிவார்கள்?

பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதன் அடைவு அமைப்பும் டெபியனுடையதே. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வின்டோசுடன் பாஸ் இயங்குதளமும் சேர்த்து வழங்கப்பட்டது. பல மாணவர்கள் பாஸ் பகுதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. திறந்து பார்த்தவர்களில் சிலர் இன்று லினக்சிலேயே பிழைப்பை நடத்துகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் இப்போது உபுண்டு இடம்பெற்றிருக்கிறது. அதுவும் டெபியன் வழிவந்ததே. ஆகவே நம் மாணவர்கள் கற்க வேண்டியது பெரும்பாலும் டெபியன் வகை அடைவு முறைதான்.

தமிழ்க் கோப்புகள் இருக்கும் இடங்கள்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் கேடிஈ, குனோம் ஆகிய பணிச்சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் இப்பணி முதல் ஆண்டிலேயே நின்றிருக்கும். மொழிபெயர்ப்பை எங்கே வைக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்ததால் ஒருமுறை செய்த வேலை எல்லா வழங்கல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. குனூ கெட்டெக்ஸ்ட் முறைப்படி தொகுக்கப்பட்ட மொழிபெயர்ப்புகள் /யூஎஸ்ஆர்/ஷேர்/லோகேல் என்ற அடைவில், ‘டிஏ’ என்ற இரண்டெழுத்து உள்ளடைவில் இருக்கும். டிஏ என்பது தமிழுக்கான பன்னாட்டுக் குறியீடு. நிரல் தொடங்கும்போது பயனரின் மொழி தமிழ் என்று கண்டால் அந்த அடைவைத் தேடும். கோப்பு இருந்தால் தமிழில் பேசும், இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்குத் திரும்பும். உபுண்டு இதிலிருந்து சற்று விலகி, மொழிப் பொதிகளை ‘லோகேல்-லேங்பேக்’ என்ற தனி அடைவில் வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் தம் கோப்பைக் காணாமல் தேடிய இடங்களில் இது ஒன்று.

நாள், நாணயம், வாரப் பெயர்கள் ஆகியவற்றைத் தமிழில் காட்டும் விதிகள் இன்னும் சுவையானவை. இந்தியத் தமிழுக்கு ஒன்றும் இலங்கைத் தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு விவரக் கோப்புகள் உள்ளன. மனிதர் படிக்கக்கூடிய மூல வடிவம் /யூஎஸ்ஆர்/ஷேர்/ஐ18என்/லோகேல்ஸ் அடைவில் இருக்கும். அதைத் தொகுத்துப் பெறும் வடிவம் /யூஎஸ்ஆர்/லிப்/லோகேல் அடைவுக்குச் செல்லும். ஒரே செய்தி ஏன் இரண்டு இடங்களில் பிரிந்தது? மூலம் வெறும் உரை, எந்தக் கணினிக்கும் பொது. எனவே அது ‘ஷேர்’ அடைவுக்கு உரியது. தொகுத்த வடிவம் கணினியின் கட்டமைப்பைச் சார்ந்தது. எனவே அது ‘லிப்’ அடைவுக்கு உரியது. ‘ஷேர்’, ‘லிப்’ வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத்துருக்கள் அதிகம் அலைந்தவை. 1990-களில் வரைகலைச் சூழலான எக்ஸ் தன் கோப்புகளை /யூஎஸ்ஆர்/எக்ஸ்11ஆர்6 என்ற தனி மாளிகையில் வைத்திருந்தது. எழுத்துருக்களும் அதற்குள்ளேயே ஆழத்தில் இருந்தன. ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்க்க வேண்டுமானால் அங்கே கோப்பை இட்டு, அட்டவணைக் கோப்பைப் புதுப்பித்து, எக்சுக்கும் தெரிவிக்க வேண்டும். டிஸ்கி, டாம், டாப் எனக் குறியேற்றங்கள் வேறு பலவாக இருந்த காலம் அது. பின்னர் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நிரலகம் வந்து /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்ற அடைவைப் பொது இடமாக்கியது. 2005 டிசம்பரில் எக்ஸ் 7.0 பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வெளிவந்தபின் அந்தத் தனி மாளிகை வழக்கொழிந்தது. இன்று லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்களைப் பொதி மேலாளர் வழியாக நிறுவினால் அவை இந்தப் பொது இடத்துக்கே வந்து சேரும்.

பொதியாகக் கிடைக்காத எழுத்துருவை எங்கே இடுவது? ஒரு பயனருக்கு மட்டும் போதுமென்றால் அவருடைய ஹோம் அடைவுக்குள் உள்ள .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் போதும். ஆய்வகத்தில் எல்லாருக்கும் வேண்டுமென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் சரியான இடம். ஒரு பள்ளியில் ஆசிரியரின் ஹோம் அடைவில் மட்டும் எழுத்துருவை நிறுவிவிட்டுச் சென்றிருந்தார்கள். அவர் நுழைந்தால் ஆவணம் அழகிய தமிழில் தெரியும். அதே ஆவணத்தை மாணவர் தம் கணக்கில் திறந்தால் வரிகள் நகர்ந்து எழுத்து வேறாகத் தெரியும். கணினி கெட்டுவிட்டது என்றே அங்கே முடிவு கட்டியிருந்தார்கள்.

தமிழ்99 விசைப்பலகைக்கான விதிக் கோப்பு /யூஎஸ்ஆர்/ஷேர்/எம்17என் அடைவில் இருக்கிறது. ஒலிப்பு முறை, தட்டச்சு முறை ஆகியவற்றுக்கான கோப்புகளும் அதன் அருகிலேயே உள்ளன. இவை சாதாரண உரைக் கோப்புகளே. ஆர்வமுள்ள மாணவர் திறந்து படித்தால் ‘க’ எழுதியபின் ‘ஆ’ விசையை அழுத்தினால் ‘கா’ எப்படி உருவாகிறது என்பதை வரிவரியாகக் காணலாம். டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதியும் குனூ சி நிரலகத்துடன் வருகிறது. அது தொகுத்த நிரல் என்பதால் ‘லிப்’ அடைவின் கீழ், ஜிகான்வ் என்ற உள்ளடைவில் அமைந்துள்ளது. இணையத்தின் தொடக்க காலத்தில் டிஸ்கியில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களை மீட்க விரும்புவோருக்கு இது இன்றும் பயன்படும்.

இரண்டு அடைவுகள் மீண்டும் ஒன்றானது

பிடிபி-11 காலத்தில் பிரிந்த /பின், /யூஎஸ்ஆர்/பின் என்ற இரட்டை அடைவுகளுக்கு நம் காலத்தில் காரணம் இல்லாமல் போய்விட்டது. வட்டுகள் பெரியவை. கணினி எழும்போது தேவைப்படும் அடிப்படைக் கருவிகள் நினைவகத்தில் ஏற்றப்படும் ஒரு சிறு தொடக்கக் கோப்பு முறைமையிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே இரண்டையும் இணைக்கும் இயக்கம் தொடங்கியது. ஃபெடோரா 17 இதை 2012 மே மாதம் செய்தது. ஆர்ச் 2013-இல் பின்பற்றியது. /பின், /எஸ்பின், /லிப் ஆகியவை உண்மையான அடைவுகளாக இல்லாமல் /யூஎஸ்ஆர் அடைவிலுள்ள இணைகளைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளாக மாறின.

குறியீட்டு இணைப்பு என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டுவாசலில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். எந்த எண்ணில் கடிதம் வந்தாலும் அஞ்சல்காரர் அதே வீட்டில் கொடுப்பார். பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை ஆன பிறகும் ஓ.எம்.ஆர். என்று சொல்லியே படூருக்கு வந்து சேர முடிகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் கடிதம் கொடுப்பவருக்கு எளிதாக இருப்பது வரி வசூலிப்பவருக்கு எளிதல்ல. இரண்டு எண்களும் ஒரே வீடு என்பது அவருடைய ஏட்டில் இல்லாவிட்டால் இரண்டு வீடுகள் என்றே கணக்கிடுவார். டெபியனில் இதுதான் நேர்ந்தது. டிபிகேஜி தன் கணக்கேட்டில் /லிப் அடைவில் உள்ள கோப்பையும் /யூஎஸ்ஆர்/லிப் அடைவில் உள்ள கோப்பையும் வெவ்வேறாகவே எழுதி வைத்திருந்தது. ஒரு கோப்பு பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கும், அதே நேரத்தில் ஒரு பொதியிலிருந்து இன்னொரு பொதிக்கும் மாறினால், பழையதை நீக்குவதாக எண்ணிப் புதிய கோப்பையே டிபிகேஜி அழித்துவிடக்கூடும். இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி டிபிகேஜியைப் பராமரிப்பவர் அம்முறையை எதிர்த்தார். வேறொரு சிக்கலும் இருந்தது. இணைத்த கணினியில் தொகுக்கப்பட்ட சில மென்பொருள்கள் கட்டளைகளின் புதிய முகவரியைத் தமக்குள் பதித்துக்கொண்டு, இணைக்காத கணினியில் இயங்க மறுத்தன.

விவாதம் பல ஆண்டுகள் நீடித்து டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை சென்றது. புதிதாக நிறுவும் கணினிகளில் இணைந்த அமைப்பே இயல்பு என்பது 2019-இல் வந்த டெபியன் 10-இல் நடைமுறையானது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இணைந்த அமைப்பை மட்டுமே ஏற்றது. கோப்புகளை அவற்றின் உண்மையான முகவரிக்கு மாற்றி எழுதும் வேலை 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ ஒட்டி முடிந்தது. எதிர்ப்பாளர்கள் கூறிய ஆபத்து கற்பனையல்ல. அதைத் தவிர்க்க நூற்றுக்கணக்கான பொதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஃபெடோரா இன்னும் ஒரு படி சென்று, 2025 ஏப்ரலில் வந்த 42-ஆம் பதிப்பில் பின், எஸ்பின் என்ற பிரிவையும் நீக்கிவிட்டது.

மரபிலிருந்து விலகியவை

அடைவு மரபையே ஏற்காத வழங்கல்களும் உண்டு. பிரேசிலில் தோன்றிய கோபோலினக்ஸ் ஒவ்வொரு மென்பொருளையும் அதன் பெயருள்ள ஒரே அடைவில் வைக்கிறது. நிக்ஸ்ஓஎஸ் எல்லாவற்றையும் /நிக்ஸ்/ஸ்டோர் என்ற அடைவில், நீண்ட அடையாளக் குறியுடன் பதிப்பு வாரியாக வைக்கிறது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் அங்கே சண்டையிடாமல் இருக்க முடியும்.

அன்றாடப் பயனரை எட்டிய மாற்றம் ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகியவற்றின் வருகை. இவை தேவையான நிரலகங்களையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகின்றன. ஃபிளாட்பேக் செயலிகள் /வார்/லிப்/ஃபிளாட்பேக் அடைவில் அமர்கின்றன. அத்தகைய செயலிக்குத் தெரிவது கணினியின் உண்மையான /யூஎஸ்ஆர் அன்று, மூட்டையில் வந்த வேறொரு /யூஎஸ்ஆர். அப்படியானால் நாம் நிறுவிய தமிழ் எழுத்துரு அதன் கண்ணில் படாமல் போகுமே என்ற ஐயம் எழும். அதற்காகக் கணினியின் எழுத்துரு அடைவை /ரன்/ஹோஸ்ட்/ஃபான்ட்ஸ் என்ற முகவரியில் செயலிக்குள் திறந்து காட்டுகிறார்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவில் நிர்வாகி இட்டவற்றுக்கும் பயனரின் ஹோம் அடைவில் உள்ளவற்றுக்கும் அதன் அருகிலேயே தனித்தனி வாசல்கள் உண்டு.